சாரல் ஊரில் இசைத்தட்டுகள்: பூஞ்சணம் பிடித்த தாத்தாவின் தொகுப்பை எப்படிக் காப்பாற்றுவது?

புளியரைச் சாரல் எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் புளியரையிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா 1950களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு, அம்மன் கோயில் கொடை என்று கணவாய்க்கு இந்தப் பக்கம் எத்தனை வீடுகளில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டாரோ, ஏறக்குறைய அத்தனை வீடுகளில் கோட்டைவாசலைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கமும் போட்டிருக்கிறார். எங்கள் பகுதி 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் கொடுக்கல் வாங்கல் மாறவில்லை ஆகையால், அவருடைய தொகுப்பில் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் சரிபாதியாக இருக்கின்றன.

நான் எண்ணிப் பார்த்தவரையில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 78 சுற்றுத் தட்டுகள் நூற்று நாற்பதுக்கு மேல், 45 சுற்றுத் தட்டுகள் தொண்ணூறு, நெடுநேரம் ஓடும் பெரிய எல்.பி. தட்டுகள் அறுபதுக்குச் சற்றுக் குறைவு. 78 சுற்றுத் தட்டுகள் இரண்டு தகரப் பெட்டிகளில் படுக்கை வசத்தில் அடுக்கியிருக்கின்றன. மற்றவை ஓர் இரும்பு பீரோவில் நிற்கின்றன. அந்த பீரோ மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது; அந்தச் சுவரிலோ ஆனி பிறந்தால் ஓதம் ஏறிவிடும். ஆச்சி இருந்தவரை மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து துடைத்து வைப்பார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இடையில் யாரும் திறக்கவில்லை.

போன வாரம் திறந்தபோது வந்த வாடையை எழுதத் தெரியவில்லை. மழையில் நனைந்த பழைய புத்தகக் கட்டின் வாடைக்கு நெருக்கமானது. ஒரு 45 சுற்றுத் தட்டை உறையிலிருந்து எடுத்தேன். நடுவில் ஒட்டிய பெயர்த்தாள் முழுக்க வெண்பூவாகப் பூத்திருந்தது. ஊசி ஓடும் வரிகளின் மேலோ, கசங்கிய காகித உறை எங்கெங்கே தட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அங்கே மட்டும் சாம்பல் நிறக் கோடுகள் விழுந்திருந்தன. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, உறையின் மடிப்புகள் அப்படியே தட்டின் மேல் வரையப்பட்டவை போலத் தெரிந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காகித உறைகளின் மூலையில் தாத்தா பென்சிலால் ஊர்ப்பெயரும் தேதியும் குறித்து வைத்திருக்கிறார். எந்த வீட்டில் எந்தத் தட்டு ஓடியது என்ற கணக்கு அது. அந்த எழுத்தும் எனக்கு வேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பூஞ்சணம் போய்விடும் என்கிறார். அம்மா பாச்சை உருண்டை போடச் சொல்கிறார். மச்சில் கிடந்த மூன்று எல்.பி. தட்டுகள் அப்பளம் போல வளைந்திருக்கின்றன. இப்போது வெளியே இடைவிடாத சாரல். நான் முதலில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அதன்படி நடப்பேன்.

---

நாஞ்சில் ஊசி எழுதிய பதில்:

தங்கச்சி, ஸ்பிரிட் பாட்டிலை முதலில் அந்த அறையை விட்டு வெளியே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் வினைல் என்ற பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. கொம்பரக்குப் பூச்சி மரக்கிளையில் கட்டும் அதே அரக்கைக் காய்ச்சி, கல்மாவும் கரிப்பொடியும் கலந்து அழுத்தி எடுத்தவை. கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை தொடங்கியதற்கு, அரக்கு விளையும் சோட்டா நாகபுரிக் காடுகள் பக்கத்திலேயே இருந்தது எவ்வளவு வசதி என்று எண்ணிப் பாருங்கள். அந்த அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமானுக்கு பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார். உங்கள் தட்டிலும் அதுவேதான் நடக்கும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னால், ரேடியோ பழுதுபார்ப்பதில் தேர்ந்த ஒருவர் சொன்னார் என்று, பதினொரு தட்டுகளை ஒரே பிற்பகலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. இத்தனை அழுக்கா என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கல்ல, தட்டின் மேற்பரப்பு. காய்ந்த பிறகு அவை மங்கி, தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தன. ஊசியை வைத்தபோது பாட்டு ஏதோ வேறு அறையிலிருந்து கேட்பது போலிருந்தது. அவற்றில் இரண்டு என் மாமனார் தக்கலைச் சந்தையில் தேடி வாங்கியவை. அதன்பின் எனக்கு அவை எங்கும் கிடைக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, எது அரக்கு, எது வினைல் என்று பிரிப்பது. கையில் எடுத்தாலே தெரியும். அரக்குத் தட்டு கனமாக, தடிப்பாக, வளையாமல் இருக்கும். நகத்தால் விளிம்பை லேசாகத் தட்டினால் கூரை ஓட்டைத் தட்டியது போல ஓசை தரும். வளைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், உடைந்துவிடும். வினைல் சற்றே நெகிழும், ஓசை மந்தமாக இருக்கும். நம் நாட்டில் 1960களிலும் 78 சுற்று அரக்குத் தட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. எனவே பாட்டின் காலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கழுவும் முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அரக்குக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டருக்கு, வாசனையும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு துளி போதும். பெட்ரோல் பங்கில் பேட்டரி தண்ணீர் என்று வாங்கினால், அது வெறும் தண்ணீர்தானா, அமிலம் கலந்ததா என்று சீட்டைப் படித்து வாங்குங்கள். மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்கே ஒருபோதும் இழுக்கக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த வேறு துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பெயர்த்தாளில் ஈரம் படவே கூடாது. அரக்குத் தட்டைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. துடைத்த கையோடு ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

பாச்சை உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கும். மூடிய பெட்டிக்குள் எல்லாப் பொருளின் மேலும் படியும். பூஞ்சணத்தை அது நிறுத்துவதுமில்லை. அட்டையைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்காக ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால், வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில், தட்டைத் தொடாமல் வையுங்கள்.

உங்கள் தாத்தா தொழிலுக்குப் போட்ட தட்டுகள் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏமாற்றம் வேண்டாம். அந்தக் காலத்து இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டியது. கொடை வீட்டில் விடிய விடியப் போடும்போது யாருக்கு அந்தப் பொறுமை இருந்திருக்கும்? கழுவிக் காய்ந்த பிறகும் வரிகள் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் அது தேய்மானம். எந்தத் திரவத்தாலும் அது போகாது. அந்தத் தட்டை மீண்டும் மீண்டும் கழுவி வருத்த வேண்டாம்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதிய பதில்:

பாலக்காட்டுக் கணவாயின் இந்த முனையில் எங்களுக்கு உங்கள் துன்பம் பாதிதான். மீதிப் பாதி வெயில். பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஓட்டு வீட்டு மச்சில் எல்.பி. தட்டுகளை வைத்து வளையவிட்டவன் என்ற முறையில் அந்த மூன்று தட்டுகளைப் பற்றியும் வைப்பு முறையைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

வளைந்ததை வெயிலில் வைத்தோ அடுப்பருகே வைத்தோ நிமிர்த்த முயலாதீர்கள். வினைல் இளகும் சூட்டுக்கும் வரி அழியும் சூட்டுக்கும் இடையில் நம் கையால் அளக்கக்கூடிய இடைவெளி கிடையாது. நான் செய்தது இதுதான்: தட்டைக் கழுவிக் காயவைத்து, ஒரு தூசுகூட இல்லாமல் துடைத்த இரண்டு தடித்த கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே சமமாகப் பாரம் ஏற்றி, அறைச் சூட்டிலேயே மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். ஐந்தில் இரண்டு ஊசி துள்ளாத அளவுக்கு அடங்கின. ஒன்று பாதி அடங்கியது. இரண்டு அசையவே இல்லை. தூசு இருந்தால் அது கண்ணாடியின் அழுத்தத்தில் வரிக்குள் பதிந்துவிடும் என்பதால் அந்தத் துடைப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மெல்ல ஏறி இறங்கும் வளைவை ஊசி சமாளித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தட்டை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

வைப்பு முறைக்கு வருகிறேன். தகரப் பெட்டியில் படுக்கை வசத்தில் கிடக்கும் அரக்குத் தட்டுகள்தான் எனக்குப் பெருங்கவலை. அடித்தட்டு முழு அடுக்கின் பாரத்தையும் தாங்குகிறது. நடுவே ஒரு மணல் இருந்தாலும் அந்த இடத்தில் கீறல் விழும். எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். சாய்த்து அல்ல, செங்குத்தாக. சாய்ந்து நிற்கும் தட்டு நாளடைவில் சாய்ந்த வாக்கிலேயே வளையும். அரக்கானால் விரிசல் விடும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு தடுப்புப் பலகை இருந்தால் சாயாது. தட்டுகளை இறுக்கித் திணிக்கவும் கூடாது; இரண்டு விரலால் ஒன்றை உருவினால் பக்கத்துத் தட்டு கூடவே வரக் கூடாது. அளவு கலக்கவும் கூடாது. பெரிய தட்டுகளுக்கு நடுவே சிறியதை வைத்தால், பெரியதன் மேல்பாதிக்குத் துணையில்லாமல் போகும்.

பாரத்தைக் குறைத்து எண்ணிவிடாதீர்கள். எல்.பி. தட்டுகள் அட்டை உறையோடு ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ 16 கிலோ வரும். நான்கு அடி நீளப் பலகை என்றால் 64 கிலோ. நான் முதலில் போட்ட பிளைவுட் பலகை அடுத்த ஆண்டே நடுவில் தொய்ந்தது. தட்டுகள் எல்லாம் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தன. இப்போது இரண்டு அடிக்கு ஒரு தாங்கு கொடுத்துப் பழைய மாமரப் பலகையில் வைத்திருக்கிறேன். அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்கட்டும்; கரையானுக்கும் ஈரத்துக்கும் தரைதான் வாசல். பின்புறம் சுவரைத் தொடாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். எப்படியானாலும் அந்த மேற்குச் சுவர் வேண்டாம். வீட்டின் உள்சுவர் எதையாவது பாருங்கள்.

உறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் தடிப்பாக, பளபளவென்று, புதுச் செருப்பின் வாடை அடிக்கும் பி.வி.சி. உறைகள் விற்பார்கள், வாங்காதீர்கள். அந்த உறையை நெகிழவைக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து தட்டின் மேல் புகைமூட்டம் போலப் படியும். கழுவினாலும் போகாது. பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை போதும். தாத்தா எழுதிய பழைய காகித உறைகளில் இனித் தட்டை வைக்க வேண்டாம். அந்தக் காகிதத்தின் பூஞ்சணம் மறுபடி ஏறும். உறைகளை உலர்த்தி, மென்மையான தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டி, தட்டுக்கு ஓர் எண், உறைக்கு அதே எண் என்று கொடுத்து, தனிக் கோப்பில் வையுங்கள். பென்சில் எழுத்து ஈரத்துக்கு அழியாது, ஆனால் தேய்த்தால் அழியும். எழுத்து இருக்கும் மூலையில் தூரிகை பட வேண்டாம். எதற்கும் முதலில் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

---

பீர்மேட்டுப் பனி எழுதிய பதில்:

நாஞ்சில் அண்ணாச்சி சொன்ன கழுவும் முறை முழுக்கச் சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை இப்போதே சொல்லாவிட்டால், இந்தத் தங்கை இந்தச் சாரலிலேயே கழுவத் தொடங்கிவிடுவார்.

இப்போது கழுவாதீர்கள். ஆனி, ஆடியில் உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் காற்றே நனைந்திருக்கும்போது, தட்டின் வரிக்குள் போன ஈரம் எப்போது வெளியே வரும்? தட்டாவது காயும், அட்டை உறை காயாது. நான் ஓர் ஆண்டு செய்த பிழையைச் சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் வேலை, குடியிருப்பு தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே, விடிந்தால் மூடுபனி. அப்பா வாங்கிய எழுபது சிறு தட்டுகளையும் ஒரு ஜூன் மாதம் துடைத்து, புது பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இறுக மூடினேன். பாதுகாத்துவிட்டதாக நம்பினேன். ஐப்பசியில் திறந்தபோது அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் ஒன்றின் படம் மற்றதன் முதுகில் வந்தது. ஈரத்தை நானே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். பூஞ்சணத்துக்கு வினைல் உணவல்ல. அட்டை, பசை, விரல் ரேகையின் எண்ணெய், தூசு இவைதான் உணவு. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாள் நின்றால் அது வளரும். கீழே இருந்தால் உறங்கும். எனவே காயாத எதையும் மூடக் கூடாது.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் கருவி கிடைக்கிறது. ஒன்று வாங்கி பீரோவுக்குள் வையுங்கள். நூலகங்கள் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்க முயல்கின்றன. நம் மலையில் அது ஆகாது. 60ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நான் நிறைவடைவேன்.

எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: அலமாரியின் அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை மழைக்காலம் முழுக்க எரியவிடுவது. இதில் கணக்கு இருக்கிறது. 26 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி ஈரத்தையும் வெளியே எடுக்காமலே, அது ஏறத்தாழ 71 விழுக்காடாக இறங்கிவிடும். இன்னும் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால் பூஞ்சணம் உறங்கும் எல்லைக்குள் வந்துவிடலாம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு போதாது. பல்புக்கும் முதல் தட்டுக்கும் இடையில் ஒரு பலகை குறுக்கே நிற்க வேண்டும்; அருகிலிருந்தால் வளைந்துவிடும். மேலே கீழே இரண்டு மூன்று துளையிட்டு, சூடான காற்று வெளியேற வழி விடுங்கள். வயரிங்கை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

பூஞ்சணம் பிடித்ததைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், அவர் இல்லாத நேரத்தில் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள்.

---

நாஞ்சில் ஊசி மறுபடி எழுதியது:

பீர்மேட்டுச் சகோதரி சொல்வது சரி; காலத்தைப் பற்றி நான் எழுதாமல் விட்டது பிழைதான். எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் சாரல் இவ்வளவு விடாப்பிடியாக இருப்பதில்லை, அதனால் தோன்றவில்லை.

ஆனால் குண்டு பல்பை நான் அரக்குத் தட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரம் போய் வரும் ஊரில் ஒரு நாளைக்குப் பலமுறை சூடேறிக் குளிரும்; அரக்கும் கல்மாவும் சேர்ந்த பொருளுக்கு அந்த ஏற்ற இறக்கம் நல்லதல்ல. அவற்றுக்கு மட்டும், நன்றாகக் காய்ந்த பிறகு, இறுக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் என்பது என் வழி. அந்த மணி தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஈரத்தைப் பிடிக்கும். நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீலமணியில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு இருப்பதால், ஆரஞ்சு நிற மணியாகப் பார்த்து வாங்குங்கள். எந்த நிறமானாலும் சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம். திறந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் வைப்பது வீண். அது ஊர்க்காற்றை எல்லாம் உலர்த்தப் பார்த்து ஒரே நாளில் நிறைந்துவிடும். பீரோவுக்குப் பல்பு, பெட்டிக்கு மணி என்று பிரித்துக்கொண்டால் எங்கள் இருவர் வழியும் நடக்கும்.

ஓட்டிக் கேட்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கழுவியதும் கை பரபரக்கும் என்பதால் சொல்கிறேன். 78 சுற்றுத் தட்டின் வரி அகலம். அதற்குரிய ஊசிமுனை ஏறத்தாழ 75 மைக்ரான். எல்.பி. ஊசியின் முனை 18 முதல் 25 மைக்ரான்தான்; அது அகன்ற வரியின் அடியில் தட்டிக்கொண்டு இரைச்சலைத்தான் தரும். சில பழைய பிளேயர்களில் ஊசியைத் திருப்பும் சிறு நெம்பு இருக்கும். உங்களிடம் உள்ளதில் இருக்கிறதா பாருங்கள். பழைய ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாத நிலையில், புது ஊசி மாற்றாமல் ஒரு தட்டையும் வைக்காதீர்கள். ஒருமுறை நல்ல ஊசியில் ஓட்டி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர் தரத்தில் கணினியில் பதிந்துவிட்டால், அரக்குத் தட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம். கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் கிராமபோன் தட்டுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மலையாளத் தட்டுகளில் ஏதேனும் அரிதாகத் தோன்றினால் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

---

புளியரைச் சாரல் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. ஸ்பிரிட் பாட்டிலை எதிர்வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரித்துப் பார்த்ததில் அரக்கு 138, மற்றவை வினைல். பூஞ்சணம் மிகுந்தவை ஐம்பதுக்குள்தான். அவற்றைத் தனியே எடுத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். உறைகளைப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஓர் உறையில் "புனலூர், பெண் வீடு, மழை, பாதியில் நிறுத்தம்" என்று இருக்கிறது. எந்த ஆண்டு என்று தெரியவில்லை. தேதியும் மாதமும் மட்டும் எழுதியிருக்கிறார்.

ஓர் ஐயம். கழுவுவதற்குக் காற்று உலரும் மாசி வரை காத்திருக்க மனம் வரவில்லை. சங்கரன்கோவிலில் என் அத்தை இருக்கிறார். இங்கே குடை இல்லாமல் வாசலுக்குப் போக முடியாத நாளிலும் அங்கே வெயில் சுட்டெரிக்கும். பூஞ்சணம் பிடித்த ஐம்பதை மட்டும் அங்கே கொண்டுபோய்க் கழுவிக் காயவைத்தால் என்ன?

---

கொழிஞ்சாம்பாறைக்காரன் மறுபடி எழுதியது:

நல்ல யோசனை, செய்யுங்கள். மலையின் மழை மறைவுப் பக்கம் இவ்வளவு அருகில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் இருப்பானேன். மூன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் தட்டுகளை நிறுத்தியே கட்டுங்கள். பக்கங்களில் பழைய வேட்டியோ போர்வையோ அடைத்து, அசைவு இல்லாமல் செய்யுங்கள். ஒரு பெட்டிக்கு இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம். பேருந்தில் என்றால் கூரையில் ஏற்றக் கூடாது, மடியிலோ காலடியிலோ வையுங்கள். கார் என்றால், வழியில் தென்காசியில் சாப்பிட இறங்கும்போது வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். சன்னல் மூடிய காருக்குள் அரைமணி நேரம் போதும், மச்சில் கிடந்த மூன்றோடு இவையும் சேர்ந்துவிடும்.

அங்கே இப்போது ஆடிக்காற்று. அம்மியையே பறக்கவிடும் காற்று, புழுதியைச் சும்மா விடுமா? கழுவிய தட்டை வாசலிலோ மொட்டை மாடியிலோ காயவைக்காதீர்கள். ஈர வரியில் ஒட்டிய மணல் அங்கேயே காய்ந்துவிடும். காற்று எழும்பாத அதிகாலையில், உள் அறையில், சன்னலைச் சாத்திவிட்டு, பாத்திரம் கவிழ்க்கும் தட்டுத் தாங்கியில் நிறுத்திக் காயவிடுங்கள். வெயில் நேரே படாத அறையாக இருக்கட்டும். அங்குள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கை கழுவ மட்டும் அது, தட்டுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.

காய்ந்ததும் இங்கே திருப்பிக் கொண்டுவர அவசரப்படாதீர்கள். அத்தை வீட்டிலேயே உள்சுவர் ஓரமாகப் புரட்டாசி முடிய நிற்கட்டும். ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வருவதால் சங்கரன்கோவிலையும் நனைக்கும். அதற்குள் அண்ணாச்சி சொன்ன பெட்டியும் மணியும் வாங்கி, காய்ந்த நாளொன்றில் அங்கேயே வைத்து மூடி, மூடிய பெட்டியாகவே புளியரைக்குக் கொண்டுவாருங்கள். மீதி உள்ளவற்றுக்கு மாசி போதும். அதுவரை பீரோவை மேற்குச் சுவரிலிருந்து இன்றைக்கே நகர்த்திவிடுங்கள். தட்டுகளை இறக்கிவிட்டு நகர்த்துங்கள்.